முஸ்தபா பாய்க்கு இரண்டு கட்டம்

பங்காரம்மா பம்ப்ஸில் முஸ்தபா பாய் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அங்கே நிர்வாகம் என்பது இரண்டே அடுக்கு. மேலே மொதலாளி கோவிந்தராஜுலு. கீழே மற்ற எல்லோரும். காலையில் மொதலாளி வேட்டி நுனியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஷெட் ஷெட்டாக நடந்து வருவார். கேட்க வேண்டியதை அவரவர் நின்ற இடத்திலேயே கேட்டுக்கொள்வார்கள். அவர் “ஆகட்டுங்க” என்றால் கிடைக்கும். “பாத்துக்கலாங்க” என்றால் கிடைக்காது. ‘முடியாது’ என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்வது கோயமுத்தூரில் கெட்ட வார்த்தை பேசுவதற்குச் சமம். அதனால் அதற்குப் பதிலாகப் புழங்குகிற சொல்தான் ‘பாத்துக்கலாங்க’.

ஆனால் அதே சொல்லைக் கீழே இருப்பவர் மேலே பார்த்துச் சொன்னால் பொருள் நேர்மாறு. “இந்த லோடு இன்னைக்கே போயாகோணும் பாய்” என்று மொதலாளி சொல்லி, “பாத்துக்கலாங்க” என்று முஸ்தபா பாய் சொல்லிவிட்டால், லோடு போய்விட்டது என்றே எழுதிக்கொள்ளலாம். மேலிருந்து வந்தால் அந்தச் சொல் கதவைச் சாத்தும். கீழிருந்து போனால் அது சத்தியம். இந்த வேறுபாட்டை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்ததில்லை.

படித்தவன் என்ற முறையில்தான் சொல்கிறேன். அந்தியூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதற்கு மேல் எம்.பி.ஏ.வும் வாங்கினேன், முதல் வகுப்பில். நிறுவன அமைப்பு பற்றி ஒரு முழுத் தாள் எழுதித் தேறியிருக்கிறேன். அந்தப் பாடம் முழுக்கைச் சட்டையும் மஃப்ளரும் போட்டுக்கொண்டு கண்முன்னால் நடந்து போனதைப் பார்த்தது மட்டும் பங்காரம்மா பம்ப்ஸில் பணியாளர் பிரிவு உதவியாளனாகச் சேர்ந்த பிறகுதான். அது நடந்து போனது முஸ்தபா பாயின் உருவத்தில்.

அவர் கோட்டைமேட்டுக்காரர். அவருடைய அப்பா தகர டிரங்குப் பெட்டி செய்து விற்றவர். “எங்கப்பா பொட்டி செஞ்சாரு, நான் பொட்டியில அடைக்கறேன். ரெண்டு தலைமுறையா பொட்டிக்குள்ளதான் தம்பி பொழப்பு” என்பார். கம்பெனியில் தயாராகும் பம்புகளை அட்டைப் பெட்டியிலும் மரச்சட்டத்திலும் அடைத்து லாரி ஏற்றும் பேக்கிங் பிரிவுக்கு அவர் பொறுப்பாளர். வாய் ஓயாத மனிதர். தன்னடக்கம் என்பது அவர் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. “நான் கட்டுன பம்ப்புல ஒரு கீறல் உளுந்து போய்ச் சேந்துச்சுன்னா மீசையை எடுத்துக்கறேன்” என்று சவால் விடுவார். அவர் தாடி மட்டும் வைத்து மீசையை ஏற்கெனவே மழித்தவர் என்பதால் யாரும் பந்தயம் கட்டியதில்லை.

பேக்கிங் ஷெட் கம்பெனியின் பின்கோடியில் இருக்கிறது. மேலே வெறும் தகரக் கூரை. பங்குனி பிறந்தால் அதற்கடியில் நிற்பதும் தோசைக்கல்லின் மேல் நிற்பதும் ஒன்றுதான். அங்கே பாய்க்குக் கீழே நான்கு பெண்கள். அவர்களில் மற்ற மூவருக்கும் பொறுப்பு ராசம்மாள். பாய்க்குப் பதில் சொல்லக்கூடிய வாய் அந்தக் கம்பெனியிலேயே அவர் ஒருவருக்குத்தான்.

“ஏனுங்க பாய், மேல தகரமுங்க. கீழ நாங்க. நடுவுல நீங்க எதுக்குங்க?” என்றார் ஒருநாள்.

“மேற்பார்வைக்கு அம்மணி.”

“அப்ப மேல பாருங்க. எங்காச்சும் ஃபேன் தொங்குதான்னு பாத்துச் சொல்லுங்க.”

சிரித்துவிட்டுப் போகிற பேச்சாக அது நிற்கவில்லை. அன்னூர் ரோட்டில் புதிதாக ஒரு பனியன் கம்பெனி திறந்திருந்தார்கள். வீட்டு வாசலுக்கு வேன் வருகிறதாம், தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிறதாம். சித்திரை பிறப்பதற்குள் ஷெட்டுக்கு ஃபேன் வராவிட்டால் நான்கு பேரும் அங்கே போய்விடுவதென்று முடிவு செய்திருந்தார்கள். “கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க பாய். வேர்வைதானுங்க” என்றார் ராசம்மாள்.

அவர்கள் போனால் பேக்கிங் பிரிவே இல்லை. அதை வெளி கான்ட்ராக்ட்டுக்கு விட்டுவிடலாம் என்ற யோசனை ஆபீசில் ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தது. ஆள் கிடைக்கவில்லை என்று ஒரு காரணம் கிடைத்தால் போதும். பாய் பிறகு எதை மேற்பார்வை பார்ப்பார்?

பழைய நாளாக இருந்தால் மொதலாளி நடந்து வரும்போது கேட்டிருக்கலாம். மொதலாளிக்கு அந்த மாசிதான் முழங்கால் ஆபரேஷன். ஆர்.எஸ்.புரம் வீட்டில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தார். கம்பெனியைப் பேரன் வம்சி பார்த்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார். வெளிநாட்டில் நிர்வாகம் படித்தவர். நானும் அதே படிப்பு என்பதால் அவர் செய்ததில் தவறு காண மாட்டேன்: கம்பெனிக்கு ஓர் அமைப்புப் படம் வரைந்தார். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் கோடு. கேன்டீனில் எல்லோரையும் கூட்டி விளக்கினார்.

“இனிமே யாரும் எங்கிட்ட நேரா வரவேண்டாமுங்க. உங்க கட்டத்துக்கு மேல எந்தக் கட்டமோ, அவங்ககிட்டக் கேளுங்க. அவங்க அவங்களுக்கு மேல கேப்பாங்க. சரீங்களா?”

முஸ்தபா பாய் எழுந்தார். “தம்பி, எனக்கு மேல மௌனிகா மேடம். மேடத்துக்கு மேல ஜி.எம்.முன்னு போட்டிருக்குது. அந்தக் கட்டத்துல யாரையும் காணமுங்களே?”

“ஜெனரல் மேனேஜருக்கு ஆள் தேடிட்டு இருக்கறமுங்க பாய்.”

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கலாங்க.”

டிஸ்பாட்ச் மேனேஜர் மௌனிகா என்ஜினீயரிங் படித்த பெண், பாயின் மகள் வயது. பாய் கேட்ட அன்றே ஃபேன் கோரிக்கையைக் கம்ப்யூட்டரில் ஏற்றி மேலே அனுப்பிவிட்டார். மேலே போயிற்று. மேலே யாரும் இல்லை. ஜி.எம்.முக்கு என்று ஒழித்துவைத்த ஏசி அறையில், ஆளில்லாத மேசை மேலிருந்த கம்ப்யூட்டருக்குள் அது போய்ப் படுத்துக்கொண்டது. அதோடு மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் பிரிவு கேட்ட நாற்காலிகள், பெயின்ட் பிரிவு கேட்ட முகமூடிகள், கேன்டீன் கேட்ட கிரைண்டர் எல்லாமும் படுத்திருந்தன.

இந்த நிலையில் வம்சி ஒரு கண்காட்சிக்காக வெளிநாடு கிளம்பினார். போகும்போது, அமைப்புப் படத்தை எல்லோருடைய போட்டோவோடும் பெரிய ஃபிளெக்ஸாக அடித்து முன்வாசல் சுவரில் கட்டச் சொன்னார். படம் காந்திபுரத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனது. அது கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி என்று அடித்துப் பழகிய கடை. அவர்கள் தொழில் தர்மப்படி போட்டோ இல்லாத கட்டம் குறைப்பட்ட கட்டம். எங்களிடமிருந்து பாயின் போட்டோ இரண்டு முறை வாட்ஸ்அப்பில் போயிருந்தது. முதலாவது மங்கலாக இருந்ததால் இரண்டாவதையும் எடுத்து அனுப்பியிருந்தோம். கடைக்காரர் பார்த்தார். ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, ஒரு போட்டோ மிச்சம் இருக்கிறது. கணக்கு நேராகிவிட்டது.

மறுநாள் கேட்டுக்குள் நுழைந்த எல்லோரும் அண்ணாந்து நின்றோம். சுவர் முழுக்க ஃபிளெக்ஸ். உச்சியில் மொதலாளி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், காலடியில் குத்துவிளக்கு. அதற்குக் கீழே வம்சி. அவருக்குக் கீழே ‘பொது மேலாளர்’ என்ற கட்டத்தில் தெளிவான முஸ்தபா பாய். அவருக்குக் கீழே மௌனிகா. மௌனிகாவுக்குக் கீழே ‘பேக்கிங் பொறுப்பாளர்’ என்ற கட்டத்தில் மங்கலான முஸ்தபா பாய்.

இது வேறு ஊராக இருந்தால் யாராவது, “என்னய்யா இது?” என்று கேட்டிருப்பார்கள். இங்கே கேட்பது மரியாதையில்லை. சின்ன மொதலாளி ஏதோ யோசனையில்தான் போட்டிருப்பார் என்றார் வாட்ச்மேன். கூடுதல் பொறுப்பாக இருக்கும் என்றார் என் மேலதிகாரி. என் கட்டம் கேள்வி கேட்கும் உயரத்தில் இல்லை. மௌனிகா மட்டும் ஃபிளெக்ஸை போட்டோ எடுத்து வம்சிக்கு அனுப்பி, ‘சரியா இருக்குதுங்களா சார்?’ என்று கேட்டார். வம்சி அப்போது ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒரு ஸ்டாலில் நின்றுகொண்டிருந்தார். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமல் கட்டை விரலை உயர்த்திவிட்டார். அந்தக் கட்டை விரல்தான் நியமன உத்தரவு.

முஸ்தபா பாய் ஃபிளெக்ஸின் முன்னால் வெகுநேரம் நின்றார். “மேல இருக்கற போட்டோதான் நல்லா உளுந்திருக்குது” என்றார். வாட்ச்மேன் போய் ஏசி அறையைத் திறந்துவிட்டார்.

முதல் வாரம் அவர் இரண்டு கட்டத்துக்கும் நியாயம் செய்தார். காலையில் பேக்கிங் ஷெட், மதியத்துக்கு மேல் ஏசி அறை. இதில் நடுவில் அகப்பட்டது மௌனிகா. பாய்க்கு அவர் காலையில் மேலே, மதியம் கீழே. காலையில் பாய் அவரிடம் வந்து, “மேடம், ஆணி தீந்துபோச்சுங்க” என்பார். “ஏனுங்க பாய், இதை நேத்தே சொல்லியிருக்கலாமல்லங்க?” என்று இவர் சலித்துக்கொள்வார். மதியம் ஏசி அறையிலிருந்து கூப்பிட்டனுப்புவார்கள்.

“உக்காரு கண்ணு. பேக்கிங்ல ஆணி இல்லீன்னு காலையில ஒரு பெரியவரு உன்றகிட்ட வந்தாராமே?”

“வந்தாருங்க சார்.”

“வயசானவரு. பாவம். கொஞ்சம் தன்மையாப் பேசக்கூடாதா கண்ணு?”

“சரீங்க சார். அவரையும் கொஞ்சம் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்க சார்.”

“சொல்லிப்போடறேன். எங்கிட்டத்தான் அவரு கேப்பாரு.”

இதைச் சொல்லும்போது இருவருக்கும் சிரிப்பு வரவில்லை என்று மௌனிகா பிறகு சத்தியம் செய்தார். ‘மேடம்’ என்பதும் ‘கண்ணு’ என்பதும் ஒரே வாயிலிருந்து ஒரே நாளில் வந்தன. கட்டத்துக்குக் கட்டம் பாயின் குரலே வேறாக இருந்ததாம்.

வீட்டில் அவர் மனைவி சித்திகாவுக்கு மட்டும் விஷயம் பிடிபடவில்லை. “ஜி.எம்.முன்னா என்ன வேலைங்க?” என்று கேட்டிருக்கிறார்.

“எல்லாரும் வந்து அது வேணும் இது வேணும்னு கேப்பாங்க.”

“நீங்க?”

“பாத்துக்கலாம்பேன்.”

“அதைச் சொல்றதுக்கா தனி ரூம்பு? ஊட்டுல சும்மாவே சொல்றீங்களே.”

இரண்டாம் வாரம் மதியம் காலையைத் தின்ன ஆரம்பித்தது. கையொப்பத்துக்கு வருகிறவர்கள் காலையிலேயே வந்தார்கள். பாய் முழுக்கைச் சட்டைக்கு மாறினார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பெண்களோடு சேர்ந்து சாப்பிடுகிற வழக்கம் நின்றது. ராசம்மாளின் அரிசிபருப்பு சோற்றில் பாதி முன்பெல்லாம் பாயின் தூக்குப்போசிக்குப் போகும், சித்திகாவின் தாளிச்சாவில் பாதி இந்தப் பக்கம் வரும். இப்போது இரண்டும் அவரவர் பாத்திரத்திலேயே ஆறின. அந்த ஏசியைக் கூட்டவோ குறைக்கவோ யாருக்கும் தெரியவில்லை. அது வைத்தது வைத்தபடி பனிக்காற்றை ஊதியது. வாழ்நாள் முழுவதும் தகரத்தடியில் வெந்த உடம்பு அதைத் தாங்குமா? பாய்க்குச் சளி பிடித்துவிட்டது. ஊரே அனலில் கிடக்க, பாய் மட்டும் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள்தான் மௌனிகா பழைய கோரிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து வாசித்தார். வைண்டிங் பிரிவுக்கு நாற்காலிகள். “குடுத்துரு கண்ணு.” பெயின்ட் பிரிவுக்கு முகமூடி. “அவசியம் குடுக்கோணும்.” கேன்டீனுக்கு கிரைண்டர். “கோயமுத்தூர்ல கிரைண்டர் இல்லாத கேன்டீனா? வெளிய சொல்லாத, குடுத்துரு.” பச்சைப் பட்டனை அழுத்தி அழுத்தி மௌனிகா கடைசிக்கு வந்தார்.

“பேக்கிங் ஷெட்டுக்கு ஃபேனுங்க சார்.”

பாய் தும்மினார். “யாரு கேட்டது?”

“நீங்கதானுங்க சார்.”

பாய்க்கு அந்த நேரத்தில் மனதில் ஓடியதை அவரே பின்னால் என்னிடம் சொன்னார். விருந்தில் பரிமாறுகிறவன் முதல் பந்தியில் தனக்கே இலை போட்டுக்கொள்வானா? மற்றவர்களுக்குச் சாமான் வந்து இறங்கட்டும், நம்முடையதைக் கடைசியில் போட்டுக்கொள்ளலாம், சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்தாராம். அது நிஜமாகவே இருக்கலாம். அந்தக் குளிரில் ஃபேன் என்ற சொல்லே அவருக்கு ஆகாமல் போயிருக்கும் என்பது ராசம்மாளின் கட்சி. எது எப்படியோ, வாய்விட்டு அவர் சொன்னது ஒரே சொல்.

“பாத்துக்கலாம் கண்ணு.”

கம்ப்யூட்டரில் இரண்டே பட்டன். பச்சை, சிவப்பு. பாத்துக்கலாம் என்றொரு பட்டன் கிடையாது. எது என்று கேட்டிருந்தால் பாய் சொல்லியிருப்பார். ஜி.எம். அறையில் உட்கார்ந்து ஒருவர் ‘பாத்துக்கலாம்’ என்று சொன்ன பிறகு, அதற்கு அர்த்தம் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தும் வளர்ப்பு மௌனிகாவுக்கு இல்லை. அவரும் கோயமுத்தூர்ப் பெண். மேலிருந்து வந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். சிவப்பை அழுத்தினார்.

உண்மை வெளிவந்தது பவானி வழியாக. பவானியில் எங்கள் பம்புகளை விற்கிற டீலர் வேலன், சரக்கு எடுக்கக் கம்பெனிக்கு வந்தவர், கேட்டுக்கு வெளியே வண்டியிலிருந்தே ஃபிளெக்ஸைப் பார்த்தார். உச்சியில் மொதலாளி, ஒளிவட்டம், குத்துவிளக்கு. வேலனுக்குக் கண் கலங்கிவிட்டது. செல்போனில் அதைப் படமெடுத்துக்கொண்டு உள்ளே வராமலே வண்டியைத் திருப்பினார். வழியில் ஆளுயர ரோஜா மாலை ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே ஆர்.எஸ்.புரம் போய் மணியடித்தார்.

வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தவர் கோவிந்தராஜுலு.

“வாங்க வேலன். மாலை எதுக்குங்க?”

வேலன் மாலையை இரண்டு கையாலும் தூக்கினார். “கால் ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு கேள்விப்பட்டனுங்க” என்று சொல்லிக் கழுத்தில் போட்டுவிட்டார்.

காபி குடித்து முடிப்பதற்குள் விஷயம் வந்துவிட்டது. வேலனின் செல்போனில் இருந்த படத்தில், பேரன் செய்யாததைத் தாத்தா செய்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கி, மேலிருந்து கீழே கட்டம் கட்டமாகப் பார்த்தார். பிறகு வம்சிக்கு போன் போட்டார்.

“நான் சாமியானது இருக்கட்டும் கண்ணு. நம்ம முஸ்தபா எப்ப ரெட்டைப் பொறப்பானாரு?”

வம்சி வந்து இறங்கிய அன்று நேராக ஏசி அறைக்குப் போனார். பாய் மஃப்ளரோடு எழுந்து நின்றார். வம்சி சத்தம் போடுவாரோ என்று மௌனிகாவும் நானும் வாசலில் பயந்து நின்றோம். சத்தம் போடுகிற குடும்பமில்லை அது.

“பாய்ங்க, ஃபிளெக்ஸ்ல ஒரு சின்னத் திருத்தமுங்க.”

பாய் அரைக் கணத்தில் புரிந்துகொண்டார். “அதுக்கென்னங்க தம்பி. எனக்கும் சளி விட்ட பாடில்ல” என்று தூக்குப்போசியைக் கையில் எடுத்தார். வாசல் வரை வந்தவர் திரும்பினார். “நான் குடுத்ததெல்லாம் என்னங்க ஆகும்?”

“அப்படியே இருக்கட்டுமுங்க. நாற்காலி வந்துருச்சு, கிரைண்டர் ஓடுது. கட்டத்துல இருந்து ஒருத்தரு முடிவு பண்ணிட்டா, அதை மாத்தக் கூடாதுங்க. மாத்துனா சார்ட்டுக்கு என்ன மரியாதை?”

பாயின் முகம் மலர்ந்தது. “அப்ப அந்த பேக்கிங் ஃபேனு மட்டும்தான் பாக்கி. அதையும் தம்பி ஒரு கை…”

வம்சி கம்ப்யூட்டரைப் பார்த்தார். “அதை ஜி.எம். வேண்டாமுன்னுட்டாருங்களே.”

“எந்த ஜி.எம்.?”

“நீங்கதானுங்க பாய்.”

“நான் பாத்துக்கலாமுன்னுதானுங்க சொன்னேன்.”

“அதாங்க, வேண்டாமுன்னு.”

மௌனிகா தரையில் எதையோ தேடினார். பாய் தாடியைத் தடவினார். வம்சி உண்மையான வருத்தத்தோடு பேசினார். ஒருமுறை மறுத்த கோரிக்கையை மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி வைக்கலாம் என்பது அவரே எழுதிய விதி. முதல் மாதத்திலேயே அவரே அதை மீறினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்? அதோடு இன்னொன்றும் கேட்டார்: “பேக்கிங்குக்கு ஃபேன் தேவையா இல்லையான்னு உங்களை விட நல்லாத் தெரிஞ்ச ஆள் யாருங்க பாய்? நீங்களே தேவையில்லீன்னா, நான் எப்படீங்க தேவைன்னு சொல்றது?”

நானும் நிர்வாகம் படித்தவன். அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சித்திரை பிறக்க இரண்டு நாள் இருந்தது. பாய் ஷெட்டுக்கு வந்தார். பெண்கள் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

“வாங்க சாருங்க பாய்” என்றார் ராசம்மாள். “ஃபேன் என்னாச்சுங்க?”

“வேண்டாமுன்னுட்டாங்க அம்மணி.”

“எந்த எடுபட்டவன் வேண்டாமுன்னவன்?”

“ஜி.எம்.”

“அவன் ஊட்டுல கரண்டு போகோணும். தகரத்துக்கடியில ஒரு நாளு நின்னிருப்பானா அவன்?”

“நின்னிருக்கறான் அம்மணி” என்றார் பாய். “நல்லாவே நின்னிருக்கறான்.”

பாய் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் ராசம்மாள் ஒரு பம்ப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பில் கண்ணீர் வந்து, துண்டால் துடைத்துக்கொண்டு சொன்னார்: “உங்க கட்டம் சரியில்லீங்க பாய். ரெண்டு கட்டத்துலயும் நீங்களே போயி உக்காந்துட்டா, நல்ல கெரகம் எங்கீங்க போயி நிக்கும்?”

மற்ற மூவரும் சிரித்தார்கள். ஆனால் அன்று மாலை கைகழுவும்போது பனியன் கம்பெனி வேன் எந்த முக்கில் நிற்கும் என்று பேசிக்கொண்டார்கள். அதை பாயும் கேட்டார்.

மறுநாள் முன்வாசலில் பழைய ஃபிளெக்ஸை அவிழ்த்துப் புதியதைக் கட்டினார்கள். புதியதில் ஒளிவட்டமில்லை, விளக்கில்லை, ஜி.எம். கட்டம் காலி. பழையது சுருட்டிச் சுவரோரம் கிடந்தது. பாய் மௌனிகாவிடம் போய், “மேடம், அந்தப் பழசை என்னங்க பண்றது?” என்று கேட்டார். மௌனிகா என்னைக் கேட்டார். நான் அமைப்புப் படத்தை எடுத்துப் பார்த்தேன். வேண்டாத ஃபிளெக்ஸ் எந்தக் கட்டத்தின் பொறுப்பிலும் இல்லை. “அப்ப யாரையும் கேக்க வேண்டியதில்ல” என்றார் பாய். அவர் முகத்தில் அத்தனை தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பெட்டி கட்டும் கயிறு அவரிடம் வேண்டிய அளவுக்கு இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏணியில் ஏறி, தகரத்துக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி விட்டு, ஷெட்டின் குறுக்கே அந்த ஃபிளெக்ஸை இழுத்துக் கட்ட ஆரம்பித்தார். படம் தெரியாமல் மேல் பக்கம் திருப்பிக் கட்டப் போனவரை ராசம்மாள் நிறுத்தினார்.

“மூஞ்சி கீழ பாக்கறாப்பல கட்டுங்க பாய்.”

“எதுக்கு அம்மணி?”

“அந்த ஜி.எம்.மைத் தெனமும் நாலு வார்த்தை கேக்கோணுமுங்க.”

அப்படியே கட்டினார். தகரத்தின் அனல் ஃபிளெக்ஸுக்கு மேலேயே நின்றுகொண்டது. குளுகுளு என்று சொல்ல மாட்டேன். வேகிற சோறு வடித்த சோறு ஆனது போல ஒரு மாற்றம், அவ்வளவுதான். பெண்கள் தலைத்துண்டை எடுத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஒளிவட்டத்தோடு மொதலாளி, அவருக்கடியில் வம்சி, பெட்டி அடுக்கும் மேசைக்கு நேர் மேலே தெளிவான முஸ்தபா பாய், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி.

“அப்ப சித்திரை பொறந்தாலும் வருவீங்கதான அம்மணி?” என்று கேட்டார் கீழே நின்ற முஸ்தபா பாய்.

ராசம்மாள் ஆணியை வாயில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பினார். ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னார். “பாத்துக்கலாங்க பாய்.”

அந்தச் சொல்லோடு பாய் மூன்று மாதம் பட்ட பாடு சொல்லி முடியாது. படத்தின்படி ராசம்மாள் அவருக்குக் கீழே. அப்படியானால் அது சத்தியம். ஆனால் கேட்டவர் பாய், கொடுக்க வேண்டியவர் ராசம்மாள். அப்படிப் பார்த்தால் ராசம்மாள்தான் மேலே, அது மறுப்பு. என்னிடம் வந்து, “நீங்க படிச்சவருங்க தம்பி, எதுன்னு சொல்லுங்க” என்று கேட்டார். பாடத்தில் இருந்த எல்லா வகை அமைப்புகளையும் நினைவுபடுத்திப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. அதனால் பாய் தினமும் விடிகாலையில் முதல் ஆளாக வந்து ஷெட் வாசலில் நிற்பார். நான்கு ஜோடிச் செருப்பும் வந்து சேர்ந்த பிறகுதான் டீ குடிக்கப் போவார். ராசம்மாள் உள்ளே நுழைந்ததும் மேலே பார்த்து, “ஏனுங்க ஜி.எம்., வேர்க்குதுங்களா உங்களுக்கு?” என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார். கீழே இருக்கிற பாய் பதில் சொல்லக்கூடாது என்பது ஷெட்டின் ஒப்பந்தம். தூக்குப்போசிகள் மறுபடி மாறிக்கொள்ள ஆரம்பித்தன.

மூன்று மாதம் முடிந்த அன்றே பாய் மறுபடி கோரிக்கை வைத்தார். மௌனிகா மேலே அனுப்பினார். ஜி.எம். கட்டம் இன்னும் காலி என்பதால் இந்த முறை அது நேரே வம்சியிடம் போக வழி செய்திருந்தார்கள். வம்சி பச்சையை அழுத்தினார். ஃபேன் வந்துவிட்டது.

வந்த நாள் ஆடி பிறந்து மூன்றாம் நாள். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பிய காற்று ஷெட்டுக்குள் புகுந்து அட்டைப் பெட்டிகளைத் தூக்கி வீசிக்கொண்டிருந்தது. கூடவே சாரல். நான்கு பெண்களும் துண்டைத் தோளைச் சுற்றிப் போர்த்தியிருந்தார்கள்.

“இப்ப எதுக்குங்க பாய் ஃபேனு?” என்றார் ராசம்மாள்.

“வந்ததை வேண்டாமுங்கறதா அம்மணி? ஒருக்கா வேண்டாமுன்னு சொல்லிப் பட்டதே போதும். அடுத்த பங்குனிக்கு ஆகும்.” பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டார். “அடுத்த பங்குனிக்கு இருப்பீங்கல்ல?”

ராசம்மாள் அவரையே பார்த்தார். பிறகு தலைக்கு மேலே பார்த்தார். “இருப்பமுங்க பாய்” என்றார். “ஜி.எம்.மை உட்டுப்போட்டு எங்க போறது?”

எலெக்ட்ரீஷியன் ஏணியில் ஏறி நின்றான். ஃபேன் கம்பி தகரத்துச் சட்டத்திலிருந்து இறங்க வேண்டும், நடுவில் ஃபிளெக்ஸ் மறிக்கிறது. அதை அறுக்க ஒரு பிளேடைக் கையில் வைத்துக்கொண்டு கீழே பார்த்தான்.

“எங்கீங்க ஓட்டை போடறது? சரியா உங்க போட்டோ மேல வருதுங்களே.”

பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு பாயைப் பார்த்தார்கள். காற்றில் ஃபிளெக்ஸ் உப்பி, மேலே இருந்த முஸ்தபா பாய் ஏதோ சொல்ல வருவது போல அசைந்தார்.

கீழே இருந்த முஸ்தபா பாய் அவரை அண்ணாந்து பார்த்தார்.

“வாயிலயே போடுங்க தம்பி” என்றார். “அங்கிருந்துதான் அந்த வார்த்தை வந்துச்சு.”